முதலில் நம் மகனின் இரத்தம்

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு ஆண்டுதோறும் சென்று மிளகும் மல்லியும் மஞ்சளும் வாங்கி வருவது நம் குடும்ப வழக்கம். உறவினர் பலர் கூடுமிடமாதலால் சிற்சில சமயம் சம்பந்தப் பேச்சும் அங்கேயே தொடங்கிவிடும். சென்ற ஆண்டு மைத்துனர் தம் மகளை நம் மகனுக்குத் தர விரும்பினார்.

“இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பேசலாமே, மச்சான்” என்றோம்.

அவர் முகம் கறுத்தது. “மஞ்சளை உரசிப் பார்ப்பது போல என் பெண்ணையும் உரசிப் பார்க்கப் போகிறீர்களா?” என்றார்.

அவர் சினத்தில் நியாயம் இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன், நம் தங்கையின் பேரன் ஆறாம் மாதத்திலேயே வெளிறிச் சோர்ந்தான். தலசீமியா என்றனர் மருத்துவர்கள். வீட்டுப் பெரியவர்கள் பழி முழுவதையும், உறவில் கொண்ட அந்த மருமகள் மீதே சுமத்தினர். நாம் வாய் திறக்கவில்லை.

உண்மையை மருத்துவரே விளக்கினார். இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். ஒன்றில் மட்டும் குறையிருப்பவர் நோயாளி அல்லர். நோயைச் சுமப்பவர் மட்டுமே. ஆயுள் முழுவதும் அதை அறியாமலே வாழ்ந்துவிடலாம். பெற்றோர் இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்புண்டு. தாய் ஒருத்தியால் மட்டும் இந்நோய் வருவதே இல்லை. குடும்பத்தார் அனைவரும் சோதித்துக்கொண்டபோது, தங்கைக்கும் நமக்கும் அக்குறை இருப்பது தெரிந்தது. பழி சுமந்த பெண்ணின் முன் தலைகுனிந்து நின்றோம்.

அச்சிறுவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றப்படுகிறது. அதனால் உடலில் சேரும் இரும்புச் சத்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்காதிருக்க நாள்தோறும் மாத்திரை உண்கிறான். பள்ளிக்கும் போகிறான். பொருத்தமான உடன்பிறப்பு அமைந்தால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் இந்நோய் தீரவும் கூடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-லேயே இச்சிகிச்சை தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தலசீமியாவை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் வருமுன் அறிவதே மேல். ஈரான் 1997-இலும் சவூதி அரேபியா 2004-இலும் திருமணத்துக்கு முன் இச்சோதனையைக் கட்டாயமாக்கின.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு மைத்துனரிடம், “முதலில் நம் மகனைச் சோதிப்போம். அவனிடம் குறை இல்லையெனில் உங்கள் மகளுக்கு ஊசியே வேண்டாம்” என்றோம். ஒருவர் சுமக்காதபோது பிள்ளைக்கு அந்நோய் வராதன்றோ? அவர் சற்று நேரம் மிளகு மூட்டையையே பார்த்திருந்தார். பிறகு, “அப்படியே செய்யுங்கள், மச்சான்” என்றார்.

மகனிடம் குறை இருந்தது. மறைக்கவில்லை, நாமே போய்ச் சொன்னோம். “மாமுவே ஒளிக்காமல் சொல்லிவிட்டார், நானும் பார்த்துக்கொள்கிறேன்” என்று அப்பெண் தானாகவே முன்வந்தாள். அவள் இரத்தத்தில் அக்குறை இல்லை. நிகாஹ் இனிதே நடந்தேறியது. வந்தோர்க்கெல்லாம் கற்கண்டுத் தட்டு நீட்டியவன் நம் தங்கை பேரன்தான்.

இருவருக்கும் குறை இருந்திருப்பின்? சம்பந்தத்தைக் கைவிட்டிருப்போம், உறவைக் கைவிட்டிருக்க மாட்டோம்.

மருமகள் தேடும் பெற்றோரே! சோதனையைப் பெண் வீட்டாரிடம் கேட்குமுன், நம் பிள்ளையின் கையை நீட்டச் சொல்வோம்.