சட்டைப்பையில ஒரு பொட்டலம்

எங்க தோப்புல தேங்காய் போடுற பையன் போன வாரம்தான் ஜாமீன்ல வந்தான். சட்டைப்பையில ஒரு கஞ்சாப் பொட்டலம், அதுதான் வழக்கு. விக்கிற ஆள் இல்லை, இழுக்கிற ஆள். இப்ப ஊர்ல யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடறதில்லை. வேலை இல்லாதவன் எங்க போவான்? பொட்டலம் குடுத்தவன்கிட்டதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டோமேண்ணே"ன்னு அவங்க அம்மா அழுதுச்சு.

வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டேன். 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்காம். போதைக்கு அடிமையானவன் சின்ன அளவோட பிடிபட்டு, தானே முன்வந்து அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா, வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில விட்டா அந்த விலக்கு போயிடலாம். கஞ்சாவுல சின்ன அளவுன்னா 1 கிலோ வரைக்கும். இவன்கிட்ட இருந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லலை.

போர்ச்சுகல்ல 2001-லிருந்து, பத்து நாள் சொந்த உபயோகத்துக்கான அளவுக்குள்ள வச்சிருந்தா ஜெயில் கிடையாதுன்னு என் மக சொன்னா. ஒரு குழு கூப்பிட்டுப் பேசி, தேவைப்பட்டா சிகிச்சைக்கு அனுப்புது. விக்கிறவனுக்கு அங்கயும் ஜெயில்தான்.

நானும் அவனைத் திட்டினவன்தான். ஆனா தென்னையில வண்டு விழுந்தா கம்பி விட்டு வண்டைத்தானே எடுக்கிறோம், மரத்தையா வெட்டுறோம்?

திங்கக்கிழமை அவனைக் கூட்டிக்கிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அடுத்த வெட்டுக்குக் கீழ நின்னு காய் பொறுக்கட்டும். மரம் ஏறுறது தெளிஞ்ச பிறகு.