யூதத் தெருவில் ஒரு ராஜ்தூத் டேங்க்

மட்டாஞ்சேரி யூதத் தெருப் பழம்பொருள் கடைகளில் கப்பல் விளக்கு, பித்தளை அண்டா எல்லாம் சாதாரணம். நேற்று ஒரு கடையில் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்! துருவுக்குத் தனி விலை சொன்னார் கடைக்காரர்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த வண்டி என்றாலே சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955-இல் முதல் தேசிய டிராக் பந்தயம் தொடங்கியது கான்சாஸில், கிரேட் பெண்ட் போர்க்கால விமானதளத்தில். கால் மைல், அதாவது 402 மீட்டர், ஒரே நேர்கோடு. மழை வந்து கெடுத்ததால் இறுதிச் சுற்று அரிசோனாவுக்குப் போனது தனிக்கதை.

டிராக் பந்தயத்தில் எனக்கு ஸ்டாக் வகுப்புதான் உசத்தி. கடையில் வாங்கிய வண்டியில் பெரிதாகக் கை வைக்கக் கூடாது. மீதியெல்லாம் கிளட்ச்சை விடும் விரல்களின் சாமர்த்தியம். ராஜ்தூத்துக்கு 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அதில் 'ஹை டார்க்' வகை வண்டிக்கு 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கிறது என்று அன்று ஒதுக்கினார்கள், இன்று தேடி அலைகிறார்கள். 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு வெறும் 98 சிசி, ஆனால் கிளம்பும் வேகத்தில் கில்லாடி.

1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. அந்தக் காலத்து நுழைவுச்சீட்டோ புகைப்படமோ வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். டேங்க்கை வாங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.