ஒன்பதரை மணி ஆதி குணசேகரன்

ஆகஸ்ட் 12, 2023, சனி

‘ஜெயிலர்’ பார்த்தாயிற்று. வில்லன் கும்பலில் ஒருவராக மாரிமுத்து தலைகாட்டியதுமே தியேட்டரில் விசில். அவர் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருத்தர் அவருடைய சீரியல் வசனத்தை, “ஏம்மா ஏய்!” என்று கத்திவிட்டார். 2008-ல் ‘கண்ணும் கண்ணும்’ இயக்கியவர், ‘யுத்தம் செய்’ தொடங்கி எத்தனையோ படங்களில் நடித்தவர். அதெல்லாம் வாங்கித் தராத விசிலை ‘எதிர்நீச்சல்’ என்ற மெகா சீரியலில் அவர் போட்ட ஆதி குணசேகரன் வேஷம் வாங்கித் தந்திருக்கிறது. சீரியல் என்றாலே மூஞ்சியைச் சுளிக்கும் என் சினிமா நண்பர்கள் கவனிக்க.

ஆகஸ்ட் 23, புதன்

ஒன்பதரைக்கு ‘எதிர்நீச்சல்’ ஓடும்போது பெரியம்மா போனை எடுப்பதில்லை. இன்றும் குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குதான் பேச்சு. ஒரு வரி வசனம். அதற்குப் பத்து முகங்களில் அதிர்ச்சி, முகத்துக்கு ஒரு ‘டமார்’, உடனே விளம்பரம். சொத்து, ஆள்கடத்தல், அடியாள் என்று கதை வெளியே போகும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வருகிறது.

அடுப்படிக்குள் வந்துவிட்டால் இயக்குநர் திருச்செல்வத்தை அடிக்க ஆளில்லை. வசனம் எழுதும் ஸ்ரீவித்யாவுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. ஹாலில் குணசேகரன் நாற்காலியில் இருப்பார், தம்பிகள் நிற்பார்கள். உள்ளே தம்பி மனைவி நந்தினி வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, மாமனை அடிக்குரலில் நக்கலடிப்பாள். குணசேகரனின் மனைவி ஈஸ்வரி அப்போதும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. உதடு மட்டும் லேசாக அசையும். வெளியே ஒரு கனைப்பு. அவ்வளவுதான், எல்லோரும் வேலையில். நம் வீடுகளில் இது நடக்காத மாதிரி நடிக்க வேண்டாம். பெரியம்மா சிரித்தார். பெரியப்பா, “என்ன சிரிப்பு?” என்றார். டிவி சத்தம் குறைந்தது.

செப்டம்பர் 8, வெள்ளி

மாரிமுத்து போய்விட்டார். காலையில் ‘எதிர்நீச்சல்’ டப்பிங்கில் இருந்தவருக்கு நெஞ்சுவலி. வருசநாடு பக்கம் பசுமலைத்தேரியிலிருந்து சினிமா கனவோடு சென்னைக்கு வந்து, ராஜ்கிரண், வசந்த், மணிரத்னம் என்று பலரிடம் உதவியாளராக இருந்தவர். கொண்டாட்டம் கிடைத்ததே கடைசி ஒன்றரை வருஷம்தான். பெரியம்மா, “அந்தப் பாவிப்பய” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

‘பரியேறும் பெருமாள்’ மறுபடி. இதிலும் மாரிமுத்து அப்பாதான், நாயகிக்கு. கல்யாண மண்டபத்தில் நாயகன் பரியனை அறைக்குள் உட்கார வைத்துப் பேசும்போது அந்த முகத்தில் அதிகாரமே கிடையாது. தன் சாதிக்காரர்களைக் கண்டு தானே நடுங்கும் மனுஷன். பையனை உதைக்கிறார்கள், இவரால் தடுக்க முடியவில்லை. குணசேகரன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத பயத்தை இங்கே பார்க்கலாம். அதே கண், அதே மீசை. இரண்டரை மணி நேரச் சினிமாவில் இது நாலைந்து காட்சிதான். சீரியலில் ஓர் ஆளைத் தினமும் பார்க்கிறோம். அவன் நல்லவனா கெட்டவனா என்பதை மறந்து பழகிவிடுகிறோம். சீரியலின் பலமும் ஆபத்தும் அதுதான்.

அக்டோபர் 14, சனி

புதிய குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்துவிட்டார். ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர், ‘கிடாரி’யில் மிரட்டியவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொருத்தர் உடம்புக்குத் தைத்த சட்டையைப் போடச் சொன்னால் யாருக்கும் தோளில் இடிக்கும். இவரைப் பார்த்தால் பயம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. மாரிமுத்துவிடம் சிரிப்பு முதலில் வரும். பெண்கள் படித்ததே குற்றம் என்று அவர் பேசியதை மீம் போட்டுப் பரப்பினோம். நானும் பரப்பினேன். சிரித்துக்கொண்டே சகித்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தில்தான் குணசேகரன்கள் பிழைக்கிறார்கள். ஆளைப் பார்த்ததும் பயந்துவிட்டால் எந்த மருமகளும் முதல் வாரமே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

ஜூன் 8, 2024, சனி

‘எதிர்நீச்சல்’ இன்றோடு முடிந்தது. கடைசி மாதங்களில் அடுப்படியைக் காணோம், போலீசும் துரத்தலும்தான். மாரிமுத்து இருந்திருந்தாலும் கதை இப்படித்தான் இழுபட்டிருக்கும் என்பது என் சந்தேகம். ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ எல்லாம் பார்த்தவனாகச் சொல்கிறேன்: முதல் ஒன்றரை வருஷ ‘எதிர்நீச்சல்’ அவற்றுக்குப் பக்கத்தில் உட்காரும், சில நாள் அவற்றுக்கு மேலேயும். மீதி வேண்டாம். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 2023 செப்டம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம்.