நெய்வேலி வெட்டுமுகத்தில் நின்று

எங்கள் நெய்வேலி முந்திரித் தோப்புச் செம்மண் வேட்டியில் பட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் கறை போகாது. அந்தச் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு. செவ்வாய்க் கோளின் நிறத்துக்கும் அதுவே காரணம்.

*

1935-இல் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கருப்பாக ஏதோ வெளிவந்தது. அங்கே தொடங்கியதுதான் எங்கள் ஊரின் கதை. சுரங்க விளிம்பில் நின்றால் மேலே செம்மண், பிறகு மணற்கல், களிமண், அடியில் பழுப்பு நிலக்கரி. கரிக்கும் கீழே அழுத்தத்தோடு காத்திருக்கும் நிலத்தடி நீர். அதை இரவும் பகலும் இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும்.

*

செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி பாறையில் போடும் துளையின் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அந்தப் பொடியை எக்ஸ் கதிரில் வைத்துக் கனிமங்களைப் பிரித்தறிகிறது. நம் கண்முன்னே திறந்திருக்கும் வெட்டோ 50 மீட்டருக்கும் மேல்.

*

ஜாரோசைட்: இரும்பும் கந்தகமும் பொட்டாசியமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். அமில நீர் இல்லாமல் உருவாகாது. 2004-இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இதைச் செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் கண்டது. அங்கே ஒரு காலத்தில் நீர் இருந்தது என்பதற்கு அந்தக் கனிமமே சாட்சி.

குஜராத்தின் கட்ச் பகுதியில், மாதாநோமடில் இதே ஜாரோசைட் இருக்கிறது. செவ்வாயைப் புரிந்துகொள்ள நம் விஞ்ஞானிகள் அங்கே போய் ஆராய்ந்தார்கள். அந்த ஊரிலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. கரியோடு கிடக்கும் இரும்புக் கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். நெய்வேலிக்காரர்களுக்கு இது அந்நியமான வேதியியல் அல்ல.

*

செவ்வாய்க்குக் கட்ச் என்றால், நிலவுக்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. அங்குள்ள அனார்த்தோசைட் பாறையை இடித்துப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண்ணைப் போன்ற மண் தயாரித்தார்கள். 2023-இல் நிலவில் இறங்கிய இந்தியாவின் பிரக்யான் ஊர்தி அதன் தென்பகுதியில் 23 இடங்களில் மண்ணை அளந்தது. தெரியவந்ததும் அதே குடும்பத்துப் பாறைதான்.

*

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போகும்போது இயந்திரத்தின் பிரம்மாண்டத்தை மட்டும் காட்டித் திரும்பிவிடாதீர்கள். அனுமதி வாங்கி, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, பள்ளியில் வரிசையாக வையுங்கள். பல ஊர்கள் இடம்பெயர்ந்து கொடுத்த நிலம் இது. கரியோடு அறிவையும் இதிலிருந்து எடுப்பது நம் கடமை.