ஒரு 'எ' படுத்தும் பாடு

கோவைக்கு ஆங்கில அளவுச் சொற்கள் புதிதல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்தே கவுண்ட், பேல், டஜன் எல்லாம் இங்கே வீட்டுச் சொற்கள்தான். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்ட் எடை இருந்தால், அது நாற்பதாம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது பள்ளிக்கூடம் போகாத மில் தொழிலாளிக்கும் அத்துப்படி.

அந்த வீட்டுப் பெண்கள் இன்று திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்கு மெயில் எழுதுகிறார்கள். சிக்கல் பெரிய கணக்கில் வருவதில்லை. 'எ' என்ற ஒற்றை எழுத்தில் வருகிறது.

துவைத்தால் துணி சுருங்குமா என்று பையர் கேட்கிறார். 'கொஞ்சூண்டு சுருங்குமுங்க' என்று மனசு சொல்கிறது. விரலோ 'லிட்டில் ஷ்ரிங்கேஜ்' என்று தட்டிவிடுகிறது. 'எ லிட்டில்' என்றால்தான் கொஞ்சம் சுருங்கும் என்று பொருள். வெறும் 'லிட்டில்' என்றால், சுருக்கம் அநேகமாக இல்லை என்று பொருள். கொடுக்காத வாக்கு கொடுத்ததாகிவிடும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லி பதில் வரும். எண்ணக்கூடிய பொருள்களுக்கு வரும் 'எ ஃப்யூ', 'ஃப்யூ' இரண்டுக்கும் இதே கதைதான்.

இதற்குச் சாவி தமிழிலேயே இருக்கிறது. 'கொஞ்சம் பேர் வந்தாங்க' என்பது வந்தவர்களைச் சொல்கிறது. 'கொஞ்சம் பேர்தான் வந்தாங்க' என்பது வராதவர்களை நினைத்துக் குறைப்படுகிறது. மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது 'தான்' வந்தால் ஆங்கிலத்தில் 'எ' வேண்டாம். வராவிட்டால் 'எ' போட வேண்டும். 'ஒன்லி' சேர்த்தால் மட்டும் 'எ' திரும்பி வந்துவிடும்: 'ஒன்லி எ ஃப்யூ'.

சில இடங்களில் தமிழ்ப் பழக்கமே சரியாகவும் அமைகிறது. 'ஐந்து மூட்டை' என்கிறோம், 'மூட்டைகள்' என்பதில்லை. அப்படியே 'ஃபைவ் டஜன் ஷர்ட்ஸ்' என்பதுதான் சரி. எண்ணுக்குப் பின்னால் 'டஜன்ஸ்' வராது.

பையர் இத்தாலியராகவோ ஜெர்மானியராகவோ இருந்தால் அவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். ஆகவே 'எ லிட்டில்' என்பதற்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றும் எழுதிவிடுவது நல்லது. நூலுக்கு நம்பர் சொல்லிப் பழகிய ஊர், சுருக்கத்துக்கும் சொல்லலாமே!