ஈம் கிராமத்து எல்லைக் கல்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனைப் பார்ப்பார்கள், அரண்மனையைப் பார்ப்பார்கள், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரையும் ஒரு நடை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உங்களை நான் வேறோர் ஊருக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள். ஷெஃபீல்ட் நகரத்துக்குத் தென்மேற்கே, டெர்பிஷையர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கிராமம். ஜனத்தொகை சுமார் ஆயிரம். ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஏயம்' என்று வரும். அப்படிச் சொல்லி வழி கேட்காதீர்கள்! ஊர்க்காரர்கள் சொல்வது 'ஈம்'.

கல் வீடுகள், வாசலில் ரோஜாச் செடிகள், நடுவே பழைய மாதா கோயில். 'அடடா, எவ்வளவு அமைதி!' என்றுதான் முதலில் தோன்றும். கோயிலை அடுத்த சிறு வீடுகளின் முன்னால் இருக்கும் பச்சை நிறப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். அங்கே குடியிருந்தவர்களின் பெயர்களும், ஒவ்வொருவரும் இறந்த தேதியும் எழுதியிருக்கும்.

1665-ஆம் வருஷம் லண்டனில் பிளேக் நோய் ஆயிரக் கணக்கில் உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து இந்த ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்தது. துணி ஈரமாக இருந்ததால், அந்த வீட்டில் தங்கி வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதை அடுப்பங்கரையில் விரித்து உலர்த்தினார். துணியோடு தெள்ளுப் பூச்சிகளும் வந்திருந்தன என்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸ் இறந்தார். வீட்டுக்கார அம்மாள் மேரியின் இரண்டு பிள்ளைகளும் பின்னோடு போனார்கள். அப்புறம் கணவர். மேரி மட்டும் பிழைத்தாள்.

குளிர்காலத்தில் சற்றே தணிந்த நோய், 1666 கோடையில் மறுபடி சீறியது. வசதியுள்ளவர்கள் சிலர் முன்னதாகவே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்களும் மூட்டை கட்டினால் அக்கம்பக்கத்து ஊர்களின் கதி என்ன?

அப்போது பாதிரியாராக இருந்த வில்லியம் மாம்ப்பஸன் முப்பது வயது நிரம்பாதவர், ஊருக்குப் புதியவர். ஜனங்களுக்கு அவரிடம் அவ்வளவாகப் பற்று இல்லை. அவர்களுக்குப் பிடித்தவர், மதச் சட்டத்துக்குப் பணிய மறுத்து வேலையை இழந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லி. மாம்ப்பஸன் அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். எதிரும் புதிருமாக இருந்திருக்க வேண்டிய இருவரும் சேர்ந்து நின்று சொன்னதால்தான் ஊர் கேட்டது. 'நோய் தீரும்வரை எல்லையைத் தாண்டுவதில்லை' என்று முடிவாயிற்று. கோயிலைப் பூட்டினார்கள். பிரார்த்தனை 'கக்லெட் டெல்ஃப்' என்ற பள்ளத்தாக்கில், திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று நடந்தது. இறந்தவர்களை அவரவர் வீட்டாரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள்.

சாப்பாட்டுக்கு? சாட்ஸ்வொர்த் மாளிகைப் பிரபு உணவு அனுப்பினார். அயலூரார் எல்லையில் சாமான்களை வைத்துவிட்டுப் போவார்கள். ஈம் ஜனங்கள் அதற்குரிய காசை எல்லைக் கல்லில் தோண்டிய குழிகளில் காடியை ஊற்றி, அதற்குள் போட்டு வைப்பார்கள். காடி நோயைப் போக்கும் என்று நம்பிக்கை.

போக்கிடம் இல்லாத ஏழைகள் தங்கியதில் என்ன தியாகம் என்று கேட்கும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. இருக்கலாம். மாம்ப்பஸனே தம் இரண்டு குழந்தைகளை முன்கூட்டி வெளியூருக்கு அனுப்பியவர்தான். ஆனால் அவருடைய மனைவி காதரீன் குழந்தைகளோடு போகவில்லை. 'நீங்களும் வாருங்கள்' என்று கணவரிடம் கெஞ்சிப் பார்த்து, அவர் மறுத்ததும், தானும் தங்கிவிட்டாள். ஆகஸ்ட் 25-ஆம் தேதி அவளும் இறந்தாள். கோயில் முற்றத்தில் அவள் கல்லறை இருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே சிறிது தூரம் ஏறினால், புல்வெளியில் வட்டமான கல் சுவர் ஒன்று தெரியும். உள்ளே ஹான்காக் குடும்பத்தின் கல்லறைகள். 1666 ஆகஸ்டில், எட்டே நாட்களுக்குள், எலிஸபெத் ஹான்காக் தன் கணவனையும் ஆறு குழந்தைகளையும் அங்கே புதைத்தாள். உதவிக்கு யாரும் வரவில்லை. வரக்கூடாது என்பதுதானே ஏற்பாடு! முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, உடல்களை அவளே இழுத்துக்கொண்டு போய், அவளே குழி தோண்டினாள் என்று சொல்கிறார்கள். எதிர் மலையிலிருந்து அயலூரார் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அந்தச் சுவருக்குள் நின்றால் எனக்குச் சரித்திர ஆசிரியர்களின் வாதம் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

நவம்பரில் நோய் நின்றபோது, இறந்தவர்கள் 260 பேர். சுற்றியுள்ள ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

இன்றைய ஈம் அழுதுகொண்டிருக்கும் ஊர் அல்ல. கோயில் முற்றத்திலேயே ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் கல்லறை இருக்கிறது. ஸ்டம்புகள் சிதற, நடுவர் விரலை மேலே தூக்கி 'அவுட்' காட்டுகிறார்! ஆகஸ்ட் கடைசியில் போனீர்களானால் கிணற்று அலங்காரம் பார்க்கலாம். பலகையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் செய்கிறார்கள். கோலப் பொடி பிடித்துப் பழகிய கைகளுக்கு அதன் பொறுமை புரியும். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளத்தாக்கில் நினைவுப் பிரார்த்தனையும் நடக்கிறது.

திரும்பும்போது ஸ்டோனி மிடில்டன் ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்குங்கள். எல்லைக் கல் அங்கேதான் கிடக்கிறது. ஆறு குழிகள், விளிம்புகள் விரல் பட்டுப் பட்டு வழுவழுத்துப் போயிருக்கின்றன. காடி இல்லை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் இன்றும் அவற்றில் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள்.