விடுபட்ட மாதங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் அக்காள் மகள், 2025 ஜூலையில் விடுமுறைக்காக மயிலாப்பூர் வந்திருந்தாள். கிரீன்லாந்தையும் அண்டார்டிகாவையும் மூடிக் கிடக்கும் பனிப்பாளங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு கணக்கிடுவது அவளுடைய ஆய்வு.

"அந்த ஊரை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டார் என் அம்மா.

"இல்லை பாட்டி. கம்ப்யூட்டர்ல வர்ற எண்களைத்தான் பார்க்கிறேன்."

"பார்க்காத ஊரைப் பத்தி அஞ்சு வருஷம் படிக்கணுமா?"

கேள்வி அவளுக்கு, பட்டது எனக்கு. பார்க்காத ஊர்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்தவன் நான். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழ் இலக்கியத்தில் கடல்கோள் என்ற தலைப்பில் ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டேன். பழைய மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை சொல்கிறது. மகனைத் தொலைத்த துயரில் சோழன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரம் கடலுக்கு இரையானது என்கிறது மணிமேகலை. அந்த ஆய்வை நான் முடிக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் அடையாறு புகுந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்த குறிப்புகள் கூழாயின. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஒரு மாலை இருவரும் சாந்தோம் வழியாகப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்தோம். பனியை வானிலிருந்து எப்படி நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின. கீழே பெருத்த நிறை இருக்குமிடத்தை நெருங்கும்போது அதன் ஈர்ப்பு முன்னதைச் சற்றே முன்னால் இழுக்கும், இடைவெளி கூடும். பின்னதும் அவ்விடத்தை எட்டும்போது குறையும். தலைமுடியின் பருமனில் சிறு பகுதியே உள்ள அந்த மாற்றத்தை அளந்து, கீழே இருக்கும் நிறை மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று கண்டார்கள்.

கிரேஸ் தவிர வேறு வழிகளும் உண்டு. ஐஸ்சாட்-2 லேசர் ஒளியையும், கிரையோசாட்-2 ரேடார் அலையையும் அனுப்பிப் பனிப்பரப்பின் உயரத்தைக் காண்கின்றன. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய சரளும் ரேடார் கொண்டு அளந்ததே. எந்த வழியும் தனியாக நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை. புதுப்பனி இறுகினால் எடை குறையாமலே உயரம் குறையும். எடையை உணரும் கோளுக்கோ வேறொரு மயக்கம்: பனியுகத்தின் பாரத்தில் அமிழ்ந்த நிலம், பாரம் குறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது. எழும் பாறையும் சேரும் பனியும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே நிலத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். அவளுடைய ஆய்வில் பெரும்பகுதி இந்தக் கழித்தல்தான்.

2002 முதலான அளவுகளின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 270 கிகா டன் பனியை இழந்திருக்கிறது. அண்டார்டிகா சுமார் 140. ஒரு கிகா டன் என்றால் ஒரு கன கிலோமீட்டர் நீர். இத்தகைய 360 சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. அது இளைத்தால் பிடியும் தளரும். எனவே கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் தாழ்கிறது. தொலைவிலுள்ள கடல்களிலோ சராசரிக்கும் சற்று அதிகமாக உயர்கிறது. "இங்கேயும்தான் மாமா" என்று எங்கள் காலடி அலையைக் காட்டினாள். நான் படித்த நூல்களில் கடல் ஒரே வீச்சில் வந்து ஊரைக் கொள்ளும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டராக வரும் கடலை அவற்றில் நான் கண்டதில்லை.

ஜூலை 30 மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் கிளம்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வந்து, நிலமும் பனியும் எவ்வளவு நகர்ந்தன என்று ரேடாரால் பார்க்கக்கூடியது அது. அன்றிரவு தன் கணினியில் கிரீன்லாந்தின் வரைபடத்தைக் காட்டினாள். ஆண்டுதோறும் கீழிறங்கும் கோடு. 2011-க்குப் பிறகு ஆங்காங்கே அறுந்திருந்தது. 2017 நடுவிலிருந்து 2018 நடுவரை ஏறத்தாழ ஓராண்டு வெறுமையாக இருந்தது. கிரேஸின் மின்கலங்கள் நலிந்ததால் விடுபட்ட மாதங்கள் முதலில் உள்ளவை. அது நின்றபின் அடுத்த இணை 2018 மே மாதம் ஏவப்படும்வரை உள்ளது அந்தப் பெரிய இடைவெளி.

"ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டால் என்ன?" என்றேன்.

"இழுக்கலாம் மாமா. ஆனா கணக்குப் போட்டு நிரப்பினதுன்னு சொல்லிடணும். அளந்ததுன்னு சொல்லக்கூடாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெள்ளம் வந்தது உண்மை. குறிப்புகள் அழிந்ததும் உண்மை. ஆனால் 2012-க்குப் பிறகு நான் ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. பெட்டியில் நனைந்தவை மூன்று இயல்கள். நான்காவது நனையவில்லை, அது இருந்ததே இல்லை. சேறு படிந்த பெட்டியைத் திறந்தபோது, வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. நெறியாளர் ஆறுதல் சொன்னார், மனைவி அழுதாள், இரண்டையும் வாங்கிக்கொண்டேன். எழுதாத மூன்றாண்டுகளின் மேல் வெள்ளத்தைக் கோடாக இழுத்து, பத்தாண்டுகள் அதை அளந்ததாகவே காட்டி வந்திருக்கிறேன்.

அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ வெள்ளத்துக்கு முன்னாடி எத்தனை மாசம் மாமா விட்டுப்போயிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். என்னைத் தேற்றவில்லை. அது எனக்கு நல்லதாகவே இருந்தது.

பிறகு ஒரு நாள் புதிய நோட்டு ஒன்றில் எழுதினேன்: 2005 முதல் 2012 வரை, மூன்று இயல்கள். 2012 முதல் 2015 வரை, எழுதவில்லை. 2015 டிசம்பர், வெள்ளம். அதற்குப் பிறகும் எழுதவில்லை. நான்காவது இயலை இனி எழுதுவேனா என்று தெரியாது. கேட்பவர்களிடம் இப்போது இந்த நான்கு வரிகளைத்தான் சொல்கிறேன்.